சோயா எண்ணெய் இறக்குமதி: எந்த வடிவில் வாங்குவது?

சோயா எண்ணெய் இறக்குமதியில் இறங்குபவர்கள் முதலில் கேட்பது "டன் என்ன விலை?" என்றுதான். அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எண்ணெயை எந்த வடிவில் கரைக்குக் கொண்டுவரப் போகிறீர்கள்? கச்சாவாகக் கப்பல் தொட்டியில் வரலாம். சுத்திகரித்த பிறகு அதே கப்பல் தொட்டியில் வரலாம். கன்டெய்னருக்குள் விரித்த ஃப்ளெக்ஸிடேங்க் பையில் வரலாம். எஃகு ஐஎஸ்ஓ டேங்கில் வரலாம். பாட்டிலிலும் டின்னிலும் அடைத்தே வரலாம். வடிவம் மாறினால் வரி, காப்பீடு, வங்கி ஆவணம், கையில் இருக்க வேண்டிய தொட்டி எல்லாமே மாறும். விற்பவர் சொல்லும் விலையில் இந்த வேறுபாட்டின் பாதிகூடத் தெரியாது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டியோடரைசர், அதாவது சுத்திகரிப்பின் கடைசியில் எண்ணெயின் வாசத்தை நீக்கும் இயந்திரம், கையில் இருப்பவரும், வாடகைக்காவது அது கிடைப்பவரும் கச்சா எண்ணெய் வாங்குவதே சரி. அது இல்லாதவர்கள் சுத்திகரித்த எண்ணெயை ஃப்ளெக்ஸிடேங்கிலோ பாட்டிலிலோ வாங்கலாம். சுத்திகரித்த எண்ணெயைக் கப்பல் தொட்டியில் மொத்தமாக வாங்குவது பெரும்பாலானவர்களுக்குத் தவறான முடிவு.

எண்ணெயின் வயது எங்கே தொடங்குகிறது

சோயா எண்ணெயில் லினோலெயிக் அமிலம் 48 முதல் 59 சதவீதம் வரையும், லினோலெனிக் அமிலம் 4.5 முதல் 11 சதவீதம் வரையும் இருக்கும் என்கிறது சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸ். இந்த லினோலெனிக் அமிலம்தான் தொல்லை. ஆக்சிஜன் பட்டால் முதலில் கெடுவது இதுதான். டியோடரைசரில் இருந்து இறங்கும் எண்ணெயில் வாசமோ ருசியோ இருக்காது, ஆக்சிஜனால் எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் பெராக்சைடு மதிப்பும் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த நிமிடத்தில் இருந்தே எண்ணெய்க்கு வயது ஏறத் தொடங்கிவிடுகிறது. வெப்பம், வெளிச்சம், செம்பு, இரும்பு, தொட்டியில் எண்ணெய்க்கு மேலே நிற்கும் காற்று ஆகிய ஒவ்வொன்றும் அதை விரைவுபடுத்தும். கச்சா எண்ணெய்க்கு இந்தக் கவலை குறைவு. அதில் எண்ணெயைக் கெடாமல் காக்கும் இயற்கையான டோகோஃபெரால் முழு அளவில் இருக்கிறது. வழியில் கொஞ்சம் கெட்டாலும் கரைக்கு வந்தபின் சுத்திகரிப்பில் சரிசெய்துவிடலாம். ரீஃபைண்ட் எண்ணெய் வழியில் கெட்டால் சரிசெய்ய இடம் கிடையாது. உலகக் கடல் வணிகத்தில் சோயா எண்ணெய் பெரும்பாலும் கச்சாவாகவே போவதற்கு இது ஒரு காரணம், வரி இன்னொரு காரணம்.

கச்சா எண்ணெய் வாங்கிச் சுத்திகரிப்பது

வணிகத்தில் புழங்குவது டீகம் செய்த, அதாவது பசை நீக்கிய கச்சா எண்ணெய். ஏற்றுமதியில் முன்னணியில் இருப்பது அர்ஜென்டினா. பரானா ஆற்றங்கரையில் ரொசாரியோ, சான் லோரென்சோ வட்டாரத் துறைகளில் எண்ணெய் ஏறுகிறது. பிரேசிலில் பரனகுவா முக்கியமான துறை. ஆற்றில் நீர்மட்டம் இறங்கினால் கப்பல்கள் முழுச் சுமை ஏற்ற முடியாமல் மீதியைக் கடலோரத் துறையில் நிரப்பிக்கொள்ளும். அதனால் வரும் தாமதத்தை ஒப்பந்தத்தின் ஏற்றுமதிக் காலத்துக்குள்ளேயே கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய தரம் இது: தனிக் கொழுப்பு அமிலம் (எண்ணெயில் இருந்து பிரிந்து தனியாக நிற்கும் அமிலம்) அதிகபட்சம் 1.25 சதவீதம், பாஸ்பரஸ் அதிகபட்சம் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு), ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) குறைந்தது 121 டிகிரி செல்சியஸ், கூடவே ஈரத்துக்கும் கசடுக்கும் ஒரு வரம்பு. ஃப்ளாஷ் பாயின்ட் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். விதையில் இருந்து எண்ணெய் எடுக்கப் பயன்படுத்திய ஹெக்சேன் சரியாக நீக்கப்படாமல் மிச்சம் இருந்தால் அந்த அளவு சட்டென்று இறங்கிவிடும். எண்ணெயைச் சூடாக்கும் ஆலைக்கு அது தீ ஆபத்து.

பாஸ்பரஸ் அளவுதான் சேதாரத்தைத் தீர்மானிக்கிறது. 200 பிபிஎம் பாஸ்பரஸ் என்றால் எண்ணெயில் அரை சதவீதத்துக்குச் சற்று மேலாகப் பசை இருக்கிறது என்று பொருள். காஸ்டிக் சோடா கலந்து அமிலத்தைச் சோப்பாக்கிப் பிரிக்கும்போது அந்தப் பசையும் போகும், தன்னோடு நல்ல எண்ணெயையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். அடுத்து நிறத்தை உறிஞ்சும் ப்ளீச்சிங் மண். பயன்படுத்தி முடித்த மண்ணின் எடையில் கால் பங்கு வரை எண்ணெய் ஒட்டியிருக்கும். அதைக் குவித்துவைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் உடனுக்குடன் அப்புறப்படுத்த வேண்டும். கடைசியாக டியோடரைசர்: 230 முதல் 260 டிகிரி வெப்பம், 2 முதல் 4 மில்லிபார் வெற்றிடம், நீராவி. எல்லாம் சேர்த்து 2 முதல் 3 சதவீதம் எண்ணெய் குறையும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு.

எண்களை வைத்துப் பார்ப்போம். கீழே வருபவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட விலைகள், உங்கள் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கச்சா எண்ணெய் துறைமுகம் வந்து சேர டன் 1,000 டாலர், வரி 10 சதவீதம், ஆக 1,100. சேதாரம் 2.5 சதவீதம் போனால் ஒரு டன் சுத்த எண்ணெய்க்கு 1,128. சுத்திகரிப்புச் செலவு 45 சேர்த்தால் 1,173. சோப்புக் கழிவில் இருந்து எடுக்கும் அமில எண்ணெய், டியோடரைசரில் வடியும் டோகோஃபெரால் நிறைந்த வடிநீர் இரண்டையும் விற்று 8 டாலர் வந்தால் நிகரச் செலவு 1,165.

ரீஃபைண்ட் எண்ணெய் ஃப்ளெக்ஸிடேங்கில் 1,090 டாலருக்கு வருகிறது என்று வையுங்கள். வரி அதே 10 சதவீதம் என்றால் 1,199. வித்தியாசம் 34 டாலர்தான். ஆலை இல்லாதவர் இந்த 34 டாலரைக் கொடுத்துவிட்டுத் தலைவலி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பல நாடுகள் உள்ளூர் ஆலைகளைக் காக்க ரீஃபைண்ட் எண்ணெய்க்கு வரியை ஏற்றி வைத்திருக்கின்றன. அந்த வரி 20 சதவீதம் என்றால் அடக்கவிலை 1,308 ஆகிறது. கச்சாவோடு சமமாக நிற்க ரீஃபைண்ட் எண்ணெய் 971 டாலருக்குக் கிடைக்க வேண்டும், அதாவது கச்சாவைவிட மலிவாக. அப்படி யாரும் விற்க மாட்டார்கள். எனவே முதல் வேலையாக ஹெச்எஸ் என்னும் சுங்க வகைப்பாட்டில் கச்சாவுக்கான 1507.10, ரீஃபைண்டுக்கான 1507.90 இரண்டுக்கும் உங்கள் நாட்டில் இன்று என்ன வரி, என்ன செஸ் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரி இடைவெளி 5 சதவீதத்தைத் தாண்டினாலே பெரும்பாலும் முடிவு எழுதப்பட்டுவிடும். உற்பத்தி நாடுகளும் இதற்கு எதிர்த்திசையில் ஏற்றுமதி வரியை மாற்றி மாற்றி வைப்பதுண்டு. அதனால் பழைய கணக்கை நம்பி அடுத்த சரக்குக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

சொந்த ஆலை இல்லை என்றால் கச்சா வாங்கவே முடியாது என்பதில்லை. கூலிக்குச் சுத்திகரித்துத் தரும் ஆலைகள் உண்டு. அங்கே சண்டை வருவது சேதாரத்தில். "2.5 சதவீதம் கழிவு" என்று மொட்டையாக எழுதினால், நல்ல எண்ணெய் கொடுத்தாலும் 2.5 போகும். தனிக் கொழுப்பு அமிலம், பாஸ்பரஸ், ஈரம் மூன்றின் அளவையும் வைத்துச் சூத்திரமாக எழுதுங்கள். உப பொருள்கள் யாருக்குச் சொந்தம், உங்கள் எண்ணெய் மற்றவர் எண்ணெயோடு கலக்கலாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இன்னொரு வழி பலருக்கு நினைவுக்கே வருவதில்லை: பெரிய இறக்குமதியாளர் கரைத் தொட்டியில் வைத்திருக்கும் எண்ணெயை அங்கிருந்தே வாங்குவது. டன்னுக்குச் சில டாலர் கூடுதலாகும். கப்பல், எல்சி (வங்கியின் கடன் உறுதிக் கடிதம்), டெமரேஜ் (தாமதக் கட்டணம்), விலை ஏற்றஇறக்கம் ஆகிய நான்கு கவலையும் அவருடையது. மாதம் 300 டன்னுக்குக் கீழே தேவைப்படுபவர்கள் நேரடி இறக்குமதிக்கு முன் இந்த விலையை ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

ரீஃபைண்ட் எண்ணெய் கப்பல் தொட்டியில்

ஏன் வேண்டாம் என்கிறோம்? ஏற்றும் துறையில் கரைத் தொட்டி, குழாய், கப்பல் தொட்டி, இறக்கும் துறையில் மறுபடி குழாய், கரைத் தொட்டி என்று ஐந்து இடங்களில் எண்ணெய் கைமாறுகிறது. ஒவ்வொரு இடத்திலும் காற்று கலக்கும், முந்தைய சரக்கின் மிச்சம் கலக்கும். 35 நாள் பயணத்துக்குப் பிறகு பெராக்சைடு மதிப்பு கோடெக்ஸ் வரம்பான 10க்குள் இருந்தாலும், ருசி போயிருந்தால் பாட்டிலில் அடைக்க முடியாது. மறுபடி டியோடரைஸ் செய்ய வேண்டும். அப்படியானால் ரீஃபைண்ட் வரி கட்டி வாங்கியதற்கு என்ன பொருள்?

இது பொருந்துகிற இடமும் உண்டு. பயணம் ஒரு வாரத்துக்குள் முடிந்து, உணவு எண்ணெய்க்கென்றே ஒதுக்கிய துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி கிடைத்து, எண்ணெய்க்கு மேலே காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பும் நைட்ரஜன் போர்வையும் போட முடிந்தால், பிஸ்கட், மயோனைஸ் போன்ற ஆலைகளுக்கு இது பயன்படும்.

கப்பல் தொட்டியில் எது வாங்கினாலும், கச்சாவுக்கும் சேர்த்தே, இரண்டு விஷயங்களில் கண் வையுங்கள். ஒன்று, தொட்டியின் முந்தைய சரக்கு. லண்டனைச் சேர்ந்த எண்ணெய் வணிகர் சங்கமான ஃபோஸ்ஃபா எந்தச் சரக்குக்குப் பின் எண்ணெய் ஏற்றலாம், எதற்குப் பின் கூடாது என்று பட்டியல் வைத்திருக்கிறது. கடைசி மூன்று சரக்குகளின் பெயரையும் கப்பல் தலைவர் கையெழுத்தோடு கேட்டு வாங்க வேண்டும். சூடேற்றும் குழாய்களில் செம்பும் செம்புக் கலவையும் இருக்கவே கூடாது.

இரண்டாவது, எடை. கரைத் தொட்டியில் எண்ணெயைத் தராசில் வைப்பதில்லை. உயரத்தை அளந்து, கன அளவாக மாற்றி, அடர்த்தியால் பெருக்குகிறார்கள். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் லிட்டருக்குச் சுமார் 0.68 கிராம் குறையும். தெர்மாமீட்டரைத் தொட்டியின் அடியில் மட்டும் விட்டுப் பார்த்து, உண்மையைவிட 3 டிகிரி குறைவாக எழுதிவிட்டால், 5,000 டன் கணக்கில் 11 டன் இல்லாத எண்ணெய்க்குப் பணம் போகும். மேல், நடு, அடி மூன்றிலும் வெப்பநிலை எடுத்துச் சராசரி போடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அளவையும் தரத்தையும் சரிபார்க்க நீங்கள் அமர்த்திய சர்வேயர் பக்கத்தில் நிற்க வேண்டும். காப்பீட்டில் பெரும்பாலும் 0.5 சதவீதக் குறைவு வரை உங்கள் தலையில்தான் விழும் என்பதால், அளவில் நடக்கும் சிறு தவறு எதையும் காப்பீடு திருப்பித் தராது.

ஃப்ளெக்ஸிடேங்க்

20 அடி கன்டெய்னருக்குள் பொருத்தும் ஒருமுறைப் பை இது. உள்ளே பாலிஎத்திலீன் அடுக்குகள், வெளியே நெய்த பாலிபுரொப்பிலீன் உறை. 16,000 முதல் 24,000 லிட்டர் வரை பல அளவுகளில் வரும். 24,000 லிட்டர் பையில் 22 டன் சோயா எண்ணெய் நிற்கும். சோயா எண்ணெய் சாதாரணக் குளிரில் உறையாது. ரீஃபைண்ட் எண்ணெய் பூஜ்ய டிகிரியில் ஐந்தரை மணி நேரம் தெளிவாக நிற்க வேண்டும் என்பதே அதன் குளிர்ச் சோதனை. ஆகையால் பாமாயிலுக்குப் போல அடியில் சூடேற்றும் விரிப்பு தேவையில்லை. பையின் விலை சில நூறு டாலர், திருப்பி அனுப்பும் செலவு கிடையாது. சிறு, நடுத்தர வாங்குபவருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் இதில் கசிவு ஏற்பட்டால் இழப்பு எண்ணெயோடு நிற்காது. பக்கத்துக் கன்டெய்னர், கப்பல் தளம், துறைமுகத் தரை எல்லாவற்றையும் கழுவும் செலவு பில்லாக வரும். கசிவுக்குப் பெரும்பாலான காரணங்கள் ஏற்றும் இடத்திலேயே தொடங்குகின்றன:

– கன்டெய்னர் தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, பக்கச் சுவரில் கூரான வெல்டிங் முனை. பொருத்தும் முன் கையால் தடவிப் பார்த்து, தேய்த்து, டேப் ஒட்டி, அட்டை விரிக்க வேண்டும். பழைய, பக்கம் குழிந்த கன்டெய்னரை அப்போதே திருப்பி அனுப்புங்கள்.
– பையின் அளவுக்குக் குறைவாக நிரப்புவது. 24,000 லிட்டர் பையில் 20,000 லிட்டர் ஊற்றினால் எண்ணெய் அலையடிக்கும், மடிப்புகள் உராய்ந்து கிழியும். குறைந்த எடைதான் வேண்டும் என்றால் சிறிய பை கேளுங்கள். உங்கள் நாட்டுச் சாலை எடை வரம்பைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற பையைச் சொல்வது வாங்குபவரின் பொறுப்பு.
– ஆறாத சூட்டோடு நிரப்புவது. பை தாங்கினாலும் எண்ணெய் தாங்காது. 30 டிகிரிக்கு அருகில் ஆறியபின் நிரப்பச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதலாம்.
– வால்வை மூடியபின் முத்திரையிடாமல் விடுவது.

இறக்கும்போது நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் மோசமானது. பையின் பாரம் கதவுப் பக்கம் சாய்ந்திருக்கும், அதைத் தாங்குவது குறுக்குக் கம்பிகள் போட்ட தடுப்பு. வால்வு இருக்கும் வலது கதவை மட்டும் மெதுவாகத் திறக்க வேண்டும். இடது கதவில் "திறக்காதே" என்று எச்சரிக்கை ஒட்டியிருப்பார்கள். எண்ணெய் முழுதும் இறங்கும்வரை அதைத் தொடக் கூடாது. திறந்தால் தடுப்பு நழுவிப் பை வெளியே பிதுங்கும். வலது கதவைத் திறந்ததும் முதலில் மாதிரி எடுங்கள், பிறகு 3 அங்குலக் குழாய் மாட்டுங்கள். பம்பு மெதுவாகத் தொடங்கட்டும். பை தளர்ந்ததும் உள்பக்கத்தில் இருந்து வால்வை நோக்கிச் சுருட்டிக்கொண்டே வந்தால் மடிப்புகளில் தங்கும் எண்ணெயும் வந்துவிடும். வேகமாக உறிஞ்சினால் பையே வால்வை அடைத்துக்கொள்ளும், காற்றும் எண்ணெயோடு கலக்கும்.

எடையைப் பாலத் தராசில் பாருங்கள், பை பொருத்திய காலிக் கன்டெய்னருக்கு ஒருமுறை, நிரம்பியதுக்கு ஒருமுறை. இரண்டு சீட்டும் ஆவணத்தோடு வரட்டும். சாதாரணப் பாலிஎத்திலீன் வழியே ஆக்சிஜன் மெதுவாக உள்ளே போகும் என்பதால், 40 நாளுக்கு மேல் பயணம் என்றால் ஆக்சிஜன் தடுப்பு அடுக்குள்ள பை கேட்பது நல்லது. வந்த எண்ணெயைத் துறைமுக வெயிலில் இரண்டு வாரம் நிற்கவிட்டால் எந்தப் பையும் காப்பாற்றாது. இறக்கிவைக்கக் குறைந்தது 50 டன் தொட்டி தயாராக இல்லாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

ஐஎஸ்ஓ டேங்க்

21,000 முதல் 26,000 லிட்டர் வரை பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகு உருளை. கசிவு பயம் மிகக் குறைவு, நைட்ரஜன் நிரப்பலாம், எண்ணெய் கடைசிச் சொட்டு வரை வரும். ஆனால் டேங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கழுவும் செலவு உண்டு, நாள் கடந்தால் வாடகை ஏறும். முந்தைய சரக்கு என்ன, எங்கே கழுவினார்கள் என்ற சான்றிதழ் இல்லாமல் நிரப்பவே கூடாது. குழந்தை உணவு, மருந்து, ஆர்கானிக் சோயா எண்ணெய் என்று டன் விலை அதிகமாக இருக்கும் இடத்தில் இந்தச் செலவு பொறுக்கும். சாதாரணச் சமையல் எண்ணெய்க்கு வேண்டியதில்லை.

பாட்டில், கேன், டின்

தொட்டியும் நிரப்பும் இயந்திரமும் இல்லாமல் கடைக்கு நேராகப் போகும் வழி இது. டன் கணக்கில் பார்த்தால் மிகவும் விலை கூடியது. ஒரு 20 அடி கன்டெய்னரில் ஃப்ளெக்ஸிடேங்கைவிடக் குறைந்த எண்ணெய்தான் போகும், பெட்டியும் பாட்டிலும் எடை சாப்பிடும்.

விலை ஒப்பிடும்போது லிட்டரா கிலோவா என்று பாருங்கள். 1 லிட்டர் எண்ணெய் 0.92 கிலோ. 12 பாட்டில் பெட்டி என்று விலை சொல்லிவிட்டு 900 மில்லி பாட்டில் அனுப்பினால் பத்தில் ஒரு பங்கு போச்சு. எல்லா விலையையும் நிகரக் கிலோவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். அடுத்து, பெட்டியின் வலிமை. கப்பலில் ஈரக் காற்றில் அட்டை மெத்தென்று ஆகும். அடி வரிசைப் பெட்டி நசுங்கினால் மூடி கழன்று எண்ணெய் வழியும், அந்த எண்ணெய் மேலும் பல பெட்டிகளை நனைக்கும். மெலிந்த பாட்டில், ஐந்தடுக்குக்கு மேல் அடுக்குவது, ஈரம் உறிஞ்சும் பை போடாதது ஆகிய மூன்றும் சேர்ந்தால் சேதம் நிச்சயம். மாதிரிப் பெட்டி ஒன்றை வரவழைத்து, நிரம்பிய நிலையில் ஒரு வாரம் பாரம் ஏற்றிவைத்துப் பாருங்கள்.

லேபிள்தான் பலரைச் சுங்கத்தில் நிறுத்திவைக்கிறது. எந்த மொழி, மரபணு மாற்றக் குறிப்பு வேண்டுமா, வரும்போது ஆயுள் காலத்தில் எத்தனை சதவீதம் மீதம் இருக்க வேண்டும் என்பன நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் எண்ணெய் எவ்வளவு சுத்திகரித்திருந்தாலும், மரபணு மாற்றிய சோயாவில் இருந்து வந்திருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அச்சடிக்கும் முன் லேபிள் வரைவை உங்கள் உணவுத் துறை அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள்.

ரீஃபைண்ட் எண்ணெய்க்குத் தரப் பட்டியல் எழுதும்போது

கோடெக்ஸ் வரம்பை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது. அது எண்ணெய் உண்ணத் தக்கதா என்பதற்கான எல்லை, புதிதா என்பதற்கானது அல்ல. பெராக்சைடு மதிப்பு 10 வரை கோடெக்ஸ் அனுமதிக்கிறது. ஏற்றும்போதே 6 இருந்தால் வரும்போது என்ன மிஞ்சும்? ஏற்றும் இடத்தில் அதிகபட்சம் 1 என்று எழுதுங்கள். தனிக் கொழுப்பு அமிலம் 0.1 சதவீதம், ஈரம் 0.1 சதவீதம், பாஸ்பரஸ் 5 பிபிஎம்முக்குள், நிறம் லோவிபாண்ட் நிற அளவையில் ஐந்தே கால் அங்குலக் குடுவையில் சிவப்பு 1.5 என்பவை நல்ல ஆலைக்கு எட்டும் எண்கள்தான்.

இரண்டு இடத்தில் எண்கள் ஏமாற்றும். கோடெக்ஸ் சொல்லும் அமில மதிப்பு 0.6 என்பது தனிக் கொழுப்பு அமில சதவீதம் அல்ல. அமில மதிப்பை 1.99 ஆல் வகுத்தால்தான் சதவீதம் வரும், அதாவது 0.3. ஒருவர் ஒன்றை எழுதி மற்றவர் இன்னொன்றைப் புரிந்துகொண்டால் தரம் இரு மடங்கு தள்ளிப் போகும். இன்னொன்று பெராக்சைடு மதிப்பு. பழைய எண்ணெயை மறுபடி டியோடரைஸ் செய்தால் அது பூஜ்யத்துக்கு இறங்கிவிடும், காகிதத்தில் எண்ணெய் புதிது போலவே தெரியும். ஆக்சிஜனேற்றத்தின் அடுத்த கட்டத்தில் உண்டாகும் பொருள்களை அளக்கும் அனிசிடின் மதிப்பு அவ்வளவு எளிதில் இறங்காது, எண்ணெயின் பழைய கதையைச் சொல்லிவிடும். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

டியோடரைசரை அதிக வெப்பத்தில் வேகமாக ஓட்டிய எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பும், கிளைசிடில் எஸ்டர் என்னும் தீங்கான பொருளும் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கிளைசிடில் எஸ்டருக்குக் கிலோவுக்கு 1,000 மைக்ரோகிராமும், சுத்திகரிப்பில் உண்டாகும் இன்னொரு தீங்கான பொருளான 3-எம்சிபிடிக்கு சோயா எண்ணெயில் 1,250 மைக்ரோகிராமும் உச்ச வரம்பு. உங்கள் சந்தையில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், இந்த இரண்டு சோதனை அறிக்கையையும் தயங்காமல் தரும் ஆலை தன் டியோடரைசரைக் கவனித்து ஓட்டுகிறது என்று நம்பலாம்.

மாதிரி எடுப்பது கடைசி வேலை என்று நினைக்காதீர்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, சர்வேயர் முத்திரையோடு நான்கு பாட்டில்: விற்பவருக்கு, வாங்குபவருக்கு, சோதனைக்கு, தகராறு வந்தால் பிரிக்க ஒன்று. அந்த நான்காவது இல்லாத வழக்கில் ஜெயிப்பது கடினம்.

விலை, பணம், மோசடி

மொத்தச் சந்தையின் அடிப்படை சிகாகோ வாயிதா விலை. பவுண்டுக்கு எத்தனை சென்ட் என்று சொல்வார்கள். அதோடு துறைமுகத்துக்கான பிரீமியம் கூட்டியோ கழித்தோ வரும். 45 சென்ட், பிரீமியம் கழித்தல் 1 சென்ட் என்றால் 44 சென்ட். அதை 22.0462 ஆல் பெருக்கினால் டன் 970 டாலர். ஒரு வாயிதா ஒப்பந்தம் 60,000 பவுண்டு, அதாவது 27.2 டன். 1,000 டன் கச்சா வாங்கி 40 நாள் காத்திருப்பவருக்கு விலை 5 சதவீதம் சரிந்தால் சுமார் 50,000 டாலர் போகும். அந்த அளவில் வாங்குபவர் 37 வாயிதா ஒப்பந்தம் விற்றுத் தற்காத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு ஃப்ளெக்ஸிடேங்க் வாங்குபவரின் சரக்கு ஒரு ஒப்பந்த அளவுக்கே வராது. அவர் சிறிது சிறிதாக, அடிக்கடி வாங்குவதுதான் தற்காப்பு.

செலவும் பொறுப்பும் எங்கே விற்பவரிடம் இருந்து வாங்குபவருக்கு மாறுகின்றன என்று சொல்லும் வணிக விதிகள் இன்கோடெர்ம்ஸ். கப்பல் தொட்டிச் சரக்குக்கு அவற்றில் எஃப்ஓபியும் (கப்பல் கட்டணம் வாங்குபவருடையது) சிஐஎஃப்பும் (கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவருடையது) பொருந்தும். கன்டெய்னருக்கு அவற்றுக்கு இணையான எஃப்சிஏ, சிஐபி சரி. 2020 இன்கோடெர்ம்ஸ்படி சிஐஎஃப் விற்பவர் குறைந்தபட்சக் காப்பீடு எடுத்தால் போதும், சிஐபி விற்பவர் முழுக் காப்பீடு எடுக்க வேண்டும். ஃப்ளெக்ஸிடேங்கை சிஐஎஃப்பில் வாங்கிவிட்டு, கசிவுக்கு இழப்பீடு இல்லை என்று பிறகு தெரிந்து திகைப்பவர்கள் நிறையப் பேர். கசிவும் கலப்படமும் பாலிசியில் சொற்களாக இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எல்சி திறக்கும்போது, டேங்கர் சரக்கு என்றால் சார்ட்டர் பார்ட்டி பில் ஆஃப் லேடிங் (கப்பல் வாடகை ஒப்பந்தத்துக்கு உட்பட்ட சரக்கு ரசீது) ஏற்கத்தக்கது என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் வங்கி ஆவணத்தைக் குறையுள்ளது என்று நிறுத்தும், சரக்கு துறைமுகத்தில் காத்திருக்கும், டெமரேஜ் ஏறும்.

சந்தை விலையைவிட 300, 400 டாலர் குறைத்து வரும் ரீஃபைண்ட் சோயா எண்ணெய் ஆஃபர்களைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். கச்சா எண்ணெயின் விலை சிகாகோவில் ஒவ்வொரு நிமிடமும் எல்லோர் கண்முன்னும் இருக்கிறது. அதைவிட மலிவாகச் சுத்திகரித்த எண்ணெய் விற்பவரிடம் எண்ணெய் இல்லை. "மாதம் 12,500 டன், முதலில் சோதனைச் சரக்கு", "மாற்ற முடியாத நடைமுறை", "எங்கள் வங்கிக்கு உறுதிக் கடிதம் அனுப்புங்கள், பிறகு சரக்கின் சான்றைக் காட்டுகிறோம்" என்று நீளும் பட்டியல் கடைசியில் ஒரு முன்பணத்தில் வந்து நிற்கும். ஆலையின் பெயரும் முகவரியும் கேளுங்கள், உங்கள் சர்வேயர் அங்கே வர அனுமதி கேளுங்கள், ஃபோஸ்ஃபா ஒப்பந்த விதிகளுக்கும் லண்டன் நடுவர் மன்றத்துக்கும் சம்மதமா என்று கேளுங்கள். மோசடிக்காரர் இந்த மூன்றில் ஒன்றிலாவது நழுவுவார்.

அளவை வைத்து முடிவெடுத்தல்

மாதம் 50 டன்னுக்குள் தேவை, சொந்தத் தொட்டி இல்லை என்றால் பாட்டிலோ உள்ளூர் இறக்குமதியாளரின் எண்ணெயோ போதும். 50 முதல் 300 டன் வரை, நிரப்பும் இயந்திரம் இருந்து, வரி இடைவெளி சிறியது என்றால் ஃப்ளெக்ஸிடேங்க், மாதம் முழுவதுமாகச் சிறிது சிறிதாகப் பிரித்து. 500 டன்னைத் தாண்டினாலும், வரி இடைவெளி பெரியதாக இருந்தாலும் கச்சா எண்ணெயும் கூலிச் சுத்திகரிப்பும். இடைப்பட்ட 300 முதல் 500 டன் வரையில் மேலே போட்ட கணக்கை உங்கள் வரியோடு ஒருமுறை போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

புதிய விற்பனையாளரிடம் முதல் ஆர்டராக இரண்டு ஃப்ளெக்ஸிடேங்க் மட்டும் கொடுங்கள். ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் ஒரே சர்வே நிறுவனத்தை வையுங்கள். இரண்டு இடத்துப் பெராக்சைடு, அனிசிடின் மதிப்புகளையும் எடைச் சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இறக்கிய எண்ணெயில் ஒரு பாட்டிலை அறை வெப்பத்தில் ஒரு மாதம் வைத்து மறுபடி சோதித்த பிறகு பத்து கன்டெய்னருக்குப் பேசுங்கள்.